ஒன்றுக்குக் குறைந்த வளைவு

கல்லூரியில் அவளுக்குக் கோணல் மேடம் என்று பெயர். ஆள் நேர்தான், பாடம்தான் கோணல். போகப் போக அகன்றுகொண்டே போகும் அதிபரவளைய வெளியில் வளைந்து கிடக்கும் மிகைப்பரப்புகளைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்தாள். பந்தின் தோலுக்குப் பல பரிமாணத்து அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இளம் வயதில் அவள் ஒரு தேற்றம் நிறுவியிருந்தாள்: எல்லாப் புள்ளியிலும் ஒரே பக்கமாக வளையும் பரப்பு, முடிவில்லாமல் விரிந்தாலும் தன்னைத் தானே வெட்டாது. வேறு ஊரில் ஒரு கல்லூரியில் கணக்கு ஆசிரியையாக இருந்த அவள் தங்கை, அந்தத் தேற்றத்தின் மேல் தன் பெரிய கட்டுரையைக் கட்டினாள். அந்தக் கட்டுரையை நம்பித்தான் தங்கையின் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது.

ஒரு மதியம் துறை அறையில் அக்கா ஒரு கருத்தரங்குக்காக உதாரணப் படம் வரைந்தாள். பரப்பு சுற்றிக்கொண்டு போய்த் தன் வயிற்றிலேயே குத்தியது. கை தவறியிருக்கும் என்று அழித்து வரைந்தாள். மறுபடியும் குத்தியது. பழைய நிரூபணத்தை எடுத்துப் பார்த்தபோது, தட்டையான வெளியில் செல்லுவது இங்கும் செல்லும் என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தது தெரிந்தது. அங்கேதான் ஓட்டை. வளைவு எங்கும் ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் தேற்றம் நிற்கும், குறைந்தால் நிற்காது. தங்கை எடுத்துக்கொண்டதோ முழுக்கக் குறைந்த பக்கம்.

அக்கா அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வு முடியட்டும் என்று இருந்தாள். முடிந்து, வேலையும் நிரந்தரமானது. பிறகு தங்கை மகளுக்குக் காய்ச்சல், அப்புறம் வீடு மாற்றம். தள்ளிப்போடக் காரணத்துக்கா பஞ்சம்? தங்கச்சியோடு என்ன பிரச்சினை என்று கணவர் கேட்டதற்குக் கணக்கு என்றாள். அவர் அதைச் சொத்துக் கணக்கு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் பஸ் ஏறிப் போனாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் ஒரு துண்டை எடுத்து மடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தங்கையின் கை நிற்கவில்லை.

"தெரியும்க்கா. நேர்முகத்துக்கு முன்னாடியே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"உன் பேரு கெட்டுடும்னு நினைச்சேன். அது பாதிதான். வேலை வேணும்னும் நினைச்சேன்."

அக்காவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். இல்லை. தன் ஓட்டையை அடைக்கக் கூடப்பிறந்தவளையும் பொய்க்காரி ஆக்கிவிட்டோமே என்றுதான் பட்டது.

இருவரும் சேர்ந்து பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினார்கள். தேற்றம் சுருங்கியது. தங்கையின் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவள் வேலை போகவில்லை, ஆனால் அடுத்த பதவி அவளுக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. அக்காவுக்கு ஒன்றும் குறையவில்லை. துறைக் கூட்டத்தில் தலைவர் அவளுடைய நேர்மையைப் பாராட்டிப் பேசினார். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றாக ஒரு கட்டுரை எழுதலாமா என்று பிறகு தங்கையைக் கேட்டாள்.

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா," என்றாள் தங்கை.

அந்தப் பேச்சை அதன்பின் இருவரும் எடுக்கவில்லை.