கிளாக்கர் ஐயா எழுதிக் கொடுத்த நல்ல கடிதம்

அன்று லோன் கம்பெனியின் பதுளைக் கிளையில், கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் முறைப்பாடு விசாரிக்கும் மிஸ்ஸும், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு லோன் கொண்டு வந்த தம்பியும். இந்தப் பக்கம் நான், என் வீட்டுக்காரர், எங்கள் லோன் குழுவின் தலைவி. கதவுக்கு வெளியே நின்ற செக்கியூரிட்டியை நான் சேர்க்கவில்லை. இவ்வளவு கணக்காக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தான் அன்றைக்கு வரவே இல்லை என்று தலைவி இப்போது லயத்து வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார். வந்தார். மடுல்சீமையிலிருந்து அவருக்கும் சேர்த்து பஸ்ஸுக்குக் கொடுத்தவள் நான்.

நாங்கள் புதுக் கடன் கேட்டுப் போகவில்லை. கடனெல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது. எங்களிடம் பிடித்துக்கொண்ட காப்புறுதிக் காசைத் திருப்பிக் கேட்கத்தான் போனோம்.

அந்தக் கம்பெனியில் நான் மூன்று தடவை லோன் எடுத்திருக்கிறேன். மூன்று தடவையும் காசைக் கையில் கொடுப்பதற்கு முன்பே காப்புறுதிக்கென்று ஒரு தொகையை வெட்டிக்கொண்டார்கள். நோய்நொடி வந்து வேலைக்குப் போக முடியாவிட்டால் தவணையைக் கம்பெனியே கட்டிக்கொள்ளும், அதற்குத்தான் இது என்று, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் தம்பி விளக்கினார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பேனையைக் கையில் எடுக்கவில்லை. நான் எப்போதும் யோசிக்கிற ஆள். ஐம்பது வயதில், மகளின் கல்யாணத்துக்காகச் சேவைக்காலப் பணத்தை எடுத்தபோதே என் பெயரைத் தோட்டத்துப் பதிவில் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கைக்காசுக்குத்தான் கொழுந்து எடுக்கிறேன். எடுத்த கிலோவுக்கு அன்றன்றே காசு, அதோடு சரி.

"தம்பி, நான் பேர் பதிஞ்ச ஆள் இல்ல. கைக்காசு. எனக்கும் இது சரிவருமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா. இப்படி யோசிச்சு யோசிச்சே தலையெல்லாம் நரைச்சுப் போச்சு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவிதான் அதிகமாகச் சிரித்தார். குழுவில் ஐந்து பேர். ஒருத்தி போடாவிட்டால் மற்ற நாலு பேருக்கும் லோன் நின்றுவிடும். நானும் போட்டேன்.

மூன்றாவது லோன் ஓடிக்கொண்டிருந்தபோது மழையில் மலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. இரண்டு மாதம் கட்டுப் போட்ட கையோடு இருந்தேன். தவணையைக் கட்டச் சொல்லிக் கம்பெனிக்குப் போன் எடுத்தால், நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டுந்தான் அந்தக் காப்புறுதி, கைக்காசு ஆட்களுக்கு இல்லை என்றார் அதே தம்பி. வாயால் சொன்னதுதான், எழுத்தில் ஒன்றும் தரவில்லை. குழுவில் மற்ற நாலு பேரும் எனக்காகத் தவணை கட்டினார்கள். அதில் ஒருத்தி இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் அந்தக் காசை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் பேசுவதில்லை.

இதெல்லாம் விதி என்றுதான் விட்டிருந்தேன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் நானாவிடம் ஒரு நாள் வேறு வேலையாகப் போனபோது, என் பையில் இருந்த லோன் தாள்களைப் பார்த்துவிட்டார். கிடைக்கவே கிடைக்காத ஒருவருக்குக் காப்புறுதியை விற்பது பிழை, கட்டி முடித்த கணக்காக இருந்தாலும் மூன்றுக்கும் கேட்கலாம் என்றார். அவரே முறைப்பாட்டை அடித்துக் கொடுத்தார். தாளுக்கு மட்டும் காசு எடுத்தார்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அந்த வருடங்களில் நான் என்ன மாதிரி வேலையில் இருந்தேன் என்று தோட்டத்து ஆபீஸில் கடிதம் வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் வீட்டில் இப்போது யார் பெயரும் பதிவில் இல்லை. வீட்டுக்காரரும் நின்றுவிட்டார், மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். தோட்ட வேலைக்கு ஆள் இல்லாத வீட்டில், தோட்டம் கொடுத்த லயக் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள் என்று எப்போதும் ஒரு பேச்சு உண்டு. 'இவள் பதிவில் இல்லை' என்று எழுதித் தாருங்கள் என்று நானே போய்க் கேட்டால், நானே ஞாபகப்படுத்தியது போல் ஆகாதா? மூன்று நாள் ஆபீஸ் பக்கமே போகவில்லை.

"காசு வேணுமா, காம்பரா வேணுமா? ஒண்ணச் சொல்லு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு இரண்டும் வேண்டும்.

கடைசியில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் போய், லோன் கம்பெனிக்கு ஒரு கடிதம் வேண்டும், நான் இங்கே வேலை செய்கிறேன் என்று எழுதினால் போதும் என்று மட்டும் சொன்னேன். அவர் நல்ல மனுஷன். தோட்டத்தில் கடிதம் என்றால் ஒரே கடிதந்தான். ஆஸ்பத்திரிக்கும், பள்ளிக்கூடத்துக்கும், நகைக்கடைக்குக் கூட, இந்த ஆள் வேலை உள்ள ஆள் என்று காட்டத்தான் எல்லோரும் வந்து நிற்பார்கள். எனக்கும் அதையே இங்கிலீஷில் எழுதி, இரண்டு இடத்தில் சீல் குத்தித் தந்தார். "நல்லா எழுதியிருக்கேன், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு அதில் என் பெயர் மட்டுந்தான் வாசிக்கத் தெரிந்தது. நானாவிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், பஸ் பசறையில் நின்று நின்று வந்ததில் ஜும்மா தொழுகை நேரமாகிவிட்டது. கடை பூட்டிக் கிடந்தது.

மிஸ் கடிதத்தை வாசித்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

"இதுல நீங்க நிரந்தரத் தொழிலாளி, விடாம வேலை செய்றீங்கன்னு இருக்கே. அப்ப அந்தக் காப்புறுதி உங்களுக்குப் பொருந்தும்தானே?" என்றார் மிஸ்.

இல்லை, நான் கைக்காசு என்றேன்.

"அப்ப இந்தக் கடிதம் பொய்யா?"

சீல் குத்திய கடிதம். பொய் என்றால் கிளாக்கர் ஐயா என்ன ஆவார், எங்கள் காம்பரா என்ன ஆகும்? வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக் காம்பராவில் நான் தம்பியிடம் கேட்டது உங்களுக்குத் தெரியும்தானே என்று தலைவியிடம் திரும்பினேன். அவருடைய அடுத்த லோன் அந்த வாரந்தான் வர இருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல அக்கா."

"கை ஒடைஞ்சப்ப நான் கைக்காசு, காசு தர ஏலாதுன்னு சொன்னது நீங்கதானே தம்பி?"

"அத எழுத்துல தந்தமா அக்கா?" என்றார் தம்பி. மரியாதையாகத்தான் கேட்டார்.

மிஸ் மறுபடியும் கடிதத்தைக் காட்டிக் கேட்டார். பொய் இல்லை என்றேன். என் வாயால் நானே சொன்னேன். அதை அவர் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துத் தபால் வந்தது. முதல் லோனுக்கு நான் கையெழுத்துப் போட்ட படிவம் அவர்களிடம் தொலைந்துவிட்டதாம். அதனால் நல்லெண்ணத்தோடு அதில் வெட்டிய இரண்டாயிரத்து நூறு ரூபாயை மட்டும் திருப்பித் தருகிறார்களாம். மற்ற இரண்டும் சரியாக விற்கப்பட்டவையாம். அவர்கள் தாளைத் தொலைத்ததற்குக் காசு உண்டு, நான் உண்மையைச் சொன்னதற்கு இல்லை.

பதிவில் இல்லை என்று கிளாக்கர் ஐயாவிடம் திருத்தி வாங்கி வந்தால் மேலிடத்துக்கு எழுதலாம் என்று நானா சொல்கிறார். போன வாரங்கூடப் போனில் கேட்டார். நான் ஆபீஸ் படி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். கிளாக்கர் ஐயா ஜன்னலுக்குள்ளிருந்து கண்டுவிட்டு, "கடிதம் சரிவந்திச்சா?" என்று கேட்டார்.

"சரிவந்திச்சுங்க ஐயா" என்றேன்.

இரண்டாவது லோனில் வெட்டியது இரண்டாயிரத்து எண்ணூறு, மூன்றாவதில் மூவாயிரத்து ஐந்நூறு. கம்பெனி எனக்கு இன்னும் தர வேண்டியது ஆறாயிரத்து முந்நூறு ரூபாய்.