ஒளித்துவைத்த கட்டில்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'பெட் அக்கா' என்றுதான் பெயர். எந்த வார்டில் எந்தக் கட்டில் காலி, அவசரப் பிரிவில் காத்திருப்பவர்களில் யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது அவள் வேலை. போனில் கேட்டால் எல்லா வார்டும் ஒரே பாட்டைத்தான் பாடும்: "ஃபுல்." அதனால் அவள் போனை நம்புவதில்லை, நேரில் போய் நிற்பாள். வேலை கழுத்தை நெரிக்கும்போது நர்சுகள் காலிக் கட்டிலை ஒளித்துவிடுவார்கள். போர்வையைக் கலைத்து, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டால் ஆள் இருப்பதுபோல் ஆகிவிடும். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு வைக்க மட்டும் அந்தப் புத்திசாலிகள் யாருக்கும் தோன்றியதில்லை.

அன்று காலையிலிருந்து அவசரப் பிரிவு ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் அவளுடைய அப்பா. காய்ச்சல், நெஞ்சு நிறையச் சளி. மகள் கையில் ஆஸ்பத்திரியே இருக்கிறது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவர், இப்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் ஒரு தையல்காரம்மா. ஆக்ஸிஜன் வைத்தும் அவருக்கு மூச்சிரைப்பு அடங்கவில்லை.

நெஞ்சு நோய் வார்டில் ஜன்னலோரக் கட்டில் முன் போய் நின்றாள் பெட் அக்கா.

"இங்க யாரு?"

"ஸ்கேனுக்குப் போயிருக்காங்க," என்றாள் வார்டு சிஸ்டர்.

"வெறுங்காலோடயா?"

சிஸ்டர் சிரித்துவிட்டாள். "உங்ககிட்ட மறைக்க முடியுமா? உங்க அப்பாவுக்குத்தான்க்கா பிடிச்சு வெச்சிருக்கேன். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. அடுத்தது சாயங்காலம்தான் காலியாகும்."

அவளுக்காக யாரும் எதையும் பிடித்து வைத்ததாக அவளுக்கு நினைவில்லை. சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. கலைந்த போர்வையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கீழே போன் செய்து, தையல்காரம்மாவை மேலே அனுப்பச் சொன்னாள். சிஸ்டரின் முகம் வாடிவிட்டது.

கீழே வந்தபோது தையல்காரம்மாவை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"எடம் கெடச்சுதாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை.

"ஒண்ணு கெடச்சுதுப்பா. அந்த அம்மாவுக்குக் குடுத்துட்டேன். உங்களுக்குச் சாயங்காலம் ஆகும்."

அவர் கோபப்படவில்லை. மெல்லப் படுத்து, போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

"உன் தம்பிக்கு போன் போடு," என்றார். "அவன் வந்து என்னைப் பாத்துக்கட்டும்."