ஹெஸ்டரை மறந்த மாப்பிள்ளை

ஆர்லோ பிளாண்டன் என் பெரியம்மா மகள் ஹெஸ்டர் அக்காவின் மாப்பிள்ளை. அக்காவின் மூத்த மகள் ரோவீனாவைக் கட்டியவன். அரிசோனாவில் எங்கள் மலையுச்சித் தொலைநோக்கி நிலையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நான் இருபத்தாறு வருடம் சமைத்தேன். அவனுக்கு அங்கே சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதனால் அவன் அடித்த கூத்துக்கெல்லாம் அக்கா முதலில் என் சட்டையைத்தான் பிடிப்பாள்.

ஆள் நெட்டை. காதில் பென்சில். காலுறை ஒன்று பச்சை என்றால் இன்னொன்று நிச்சயம் பச்சையாக இருக்காது. பேன்கேக் ஐந்தை அடுக்கி வைத்தால், எல்லாரும் கத்தியை நட்டு மொத்தமாக வெட்டுவார்கள். இவன் மேலே இருப்பதை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். தேன்பாகு அடியில் போய்ச் சேரும்போது காலை வேளையே முடிந்திருக்கும்.

தொலைநோக்கியைத் திருப்புகிற கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவது அவன் வேலை. எட்டாவதோடு நின்ற எனக்கே அதைப் புரியவைத்தான் என்றால் கெட்டிக்காரன்தான். என் கூடத்தில் தட்டுகளை அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு தொட்டியில் அடுக்கியிருப்போம். மேல் தட்டை எடுத்தால் அடுத்தது எழும்பும்.

"என் மிஷினும் இதேதான் மாமா. எண்ணைத் தட்டு மாதிரி மேல வைக்கணும். ஒவ்வொரு கட்டளைச் சொல்லும் மேல இருக்கறதை எடுத்துக்கும், பதிலை மேலயே வச்சிட்டுப் போகும். அடியில கைவிடற பேச்சே கிடையாது."

"மூணையும் நாலையும் கூட்டணும்னா?"

"மூணை வை, நாலை வை, கூட்டுன்னு சொல்லு. ரெண்டு தட்டும் போயி, ஏழுன்னு ஒரே தட்டு நிக்கும்."

"பரவாயில்லையே, கழுவுற வேலை மிச்சம்."

சின்னச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒரு பெரிய சொல். அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், அதை வைத்து இன்னும் பெரிய சொல் செய்யலாம். ஆனால் முன்னாலேயே பிறந்த சொல்லைத்தான் பின்னால் வருவதில் சேர்க்க முடியும். பிள்ளைக்கு முன்னால் தாய் பிறந்திருக்க வேண்டும் அல்லவா, அந்த மாதிரி.

பெயரில்தான் வினை வந்தது. ஒரு வருடம் நன்றி சொல்லும் நாள் விருந்தில் ஆர்லோ, அக்காவுடன் பிறந்த மூத்தவள் ஓபலை, செத்துப்போன சின்னம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். "அடுத்த வருஷத்துக்குள்ள என் குடும்பத்தை மனப்பாடம் பண்ணிட்டு வா மாப்ளே. இல்லேன்னா வான்கோழி கிடையாது" என்றாள் அக்கா. அவன் என்ன செய்தான் தெரியுமா? தன் சொற்களுக்கெல்லாம் எங்கள் ஆட்களின் பெயரை வைத்துவிட்டான், பிறந்த வரிசைப்படி.

பொருத்தமாகத்தான் வைத்தான். ஓபல் எதையும் இரண்டு தடவை சொல்லுவாள். அவள் பெயரை அடித்தால் மேல் தட்டு இரண்டாகும். எங்கள் எல்வுட் அண்ணன் கையில் எதைக் கொடுத்தாலும் கீழே போடுவார். அவர் பெயரை அடித்தால் மேல் தட்டு காணாமல் போகும். ஹெஸ்டர் அக்கா விருந்து முடிந்ததும் மேஜையைச் சுற்றிவந்து, ஒரு தட்டு மிச்சம் கிடந்தாலும் வீடே அதிரக் கத்துவாள். ஆகவே மிஷினில் 'ஹெஸ்டர்' என்ற சொல், வேலை முடிந்தபின் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அத்தனையையும் நிறுத்திவிடும்.

எழுபத்தைந்தாம் வருடம், பணம் கொடுக்கிற குழு மலைக்கு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பகலில் தெரிகிற நிலாவைத் தொலைநோக்கி தானாகவே பிடித்துக்காட்ட வேண்டும். "பிடிச்சா நீ இருப்பே. இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு இறங்கு" என்று நிலையத்துத் தலைவர் டாக்டர் விட்லாக் ஆர்லோவிடம் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை வரைக்கும் 'ஹெஸ்டர்' விடவில்லை. குழாயும் கூரையும் திரும்பும், நிலாவைப் பிடிப்பதற்குள் அவள் கத்துவாள், எல்லாம் நின்றுபோகும். பதினேழு தடவை. ஆர்லோவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மறந்துவிடு என்று ஒரு கட்டளை உண்டு. மாமியார் பெயரைப் போட்டு அதை அடித்தான். 'ஓகே' என்றது மிஷின். 'ரோவீனா' என்று அடித்தான். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டது. யார் அது, தெரியாதே என்று அர்த்தம்.

வெளுத்த முகத்தோடு என் அடுப்படிக்கு வந்தான்.

"மாமா, அத்தையை மறந்துட்டேன்."

"நல்ல காரியம். காபி குடிக்கிறியா?"

"ஒரு சொல்லை மறந்தா அதுக்கப்புறம் பிறந்த எல்லாத்தையும் சேர்த்து மறந்துடும் மாமா. எனக்குத் தெரியும், கோபத்துல அடிச்சிட்டேன். ரோவீனா போயிட்டா, மச்சான் கிளைடு போயிட்டான், என் பிள்ளைங்க ரெண்டும் போச்சு. நாப்பத்தோரு பேர்!"

"எழுதி வச்சிருக்கியா?"

"முடிஞ்சப்புறம் பதிஞ்சு வைக்கலாம்னு இருந்தேன்."

பெயரைச் சொன்னால் அது செய்யும் வேலை அவனுக்கு ஞாபகம் வரும். யாருக்குப் பின் யார் என்பதுதான் வரவே வராது. வரிசை தப்பினால் கேள்விக்குறி. எங்கள் வழியை நான் ஒப்பித்துவிடுவேன். அக்கா புருஷன் வழிக்கு அக்காவைத்தான் கேட்கவேண்டும்.

வியாழக்கிழமை காலை அக்கா தன் பழைய லாரியில் ஏறி வந்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

"என்னை மறக்கறதுக்குன்னு ஒரு மிஷின் வேறயா? தம்பி, இவனுக்கு வேலை வாங்கிக் குடுத்தவன் நீதானே?"

"முதல்ல வரிசையைச் சொல்லுக்கா, அப்புறம் என்னை அடி."

சொன்னாள். அவன் அடித்தான். ஒவ்வொரு பெயருக்கும் 'ஓகே' விழுந்தது. அக்காவால் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"என் பையன் கிளைடு என்ன பண்றான்?"

"மேல்கூரையைத் திருப்புறான் அத்தை. முதல்ல ஓபல் அத்தையைக் கூப்பிடுவான். அவங்க திசை எண்ணை ரெண்டாக்குவாங்க. ஒண்ணை எடுத்துக் கூரையைத் திருப்புவான்."

"சரி, மத்த தட்டு?"

"மத்தது... தொலைநோக்கிக்கு."

"தொலைநோக்கியை ரோவீனா முன்னாடியே திருப்பிட்டான்னு இப்பத்தானே சொன்னே?"

ஆர்லோ காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தாளில் தட்டுகளை எண்ணினான்.

"அப்ப அந்தத் தட்டு மேஜையிலயே கிடக்கு. மூணு நாளா நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். நீ மேஜையைப் பாக்காம என் வாயை அடைச்சிருக்கே."

"அத்தை..."

"எல்வுட் அண்ணனைக் கூப்பிடு. அவரு போட்டு உடைக்கட்டும்."

கிளைடின் கடைசியில் எல்வுட்டைச் சேர்த்தான். சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு பேரும் திரும்பிவந்தார்கள். இந்தத் தடவை உடனே பதிந்தும் வைத்தான். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. மற்ற எல்லாரையும் கூப்பிடுகிற, அக்காவின் கடைசிப் பேத்தி மேபெல் பெயரை அடித்தான். கூரை உறுமிக்கொண்டு திரும்பியது, குழாய் சாய்ந்தது, மேற்கே வெளுத்துக் கிடந்த நிலா கண்ணாடிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. யாரும் கத்தவில்லை. குழுக்காரர் ஒருவர் கட்டளைகள் அச்சான தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஹெஸ்டர் எதுக்கு?" என்று கேட்டார்.

"மிச்சம் மீதி பாக்க" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. என் ரொட்டித் தட்டை ஏந்திக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

அவர்கள் போனபின் விட்லாக் ஆர்லோவின் கையைக் குலுக்கினார். வேலை நிலைத்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவை பெரிய மனுஷங்க வர்றப்ப, அந்த மாமியார் பேரை மட்டும் எடுத்துட முடியுமாப்பா?" என்றார்.

"எடுக்கலாம் சார்" என்றான் ஆர்லோ. "ஆனா அவங்களை எடுத்தா என் பொண்டாட்டி பிள்ளைங்களும் போயிடுவாங்க."