வளைத்துக் கட்டிய செடி

மிளகுத் தோட்டங்களில் கொடி கட்டிக் கட்டியே சுமித்ராவின் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அவள் கணவன் சந்தோஷ்குமாருக்குக் கூலிக்குப் போகத் துப்பில்லை. கொல்லிமலையில் பஸ் ரோட்டை ஒட்டிய வீட்டுக்குப் பக்கத்தில், வேலிக்குள் கஞ்சா வளர்க்க மட்டும் துப்பிருந்தது. பருவம் பார்க்காமல் தானாகவே பூக்கும் ரகம் அது. வேலிக்கு மேல் தலை தெரியக் கூடாதென்று, பொங்கலுக்கு அவள் எடுத்த சேலையைக் கிழித்து, கிளைகளைத் தரையோடு வளைத்துக் கட்டியிருந்தான்.

“கத்தி பட்டா இது தேறாது. ஒரு எலையக் கிள்ளினாலும் கைய ஒடிச்சுப் போடுவேன்” என்றான். செடியை அவ்வளவு பதமாகத் தொட்டவை, அவள் கன்னத்தில் அறைகிற அதே விரல்கள்தான்.

அவன் சேந்தமங்கலம் போன அன்று சுமித்ரா எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துவிட்டாள். மறுநாள் அவன் திரும்புவதற்குள் கிளைகள் நிமிர்ந்து, வேலிக்கு மேல் பூவோடு நின்றன. அவன் வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

“என்னடி பண்ணினே?”

அவள் சேலைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொன்னபடிதானுங்க. ஒரு எலைகூடக் கிள்ளலீங்க.”