மார்லிஸின் கிரீஸ் கன்

ஓரின் ஸ்கோக்ஸ்டாட் தன் எழுபத்தோரு வருட வாழ்க்கையில் திருடியது ஒரே ஒரு பொருள்தான். அது மார்லிஸ் லிண்ட்செத்தின் கிரீஸ் கன், சக்கரத்துக்குள் கிரீஸ் அடிக்கிற பேட்டரித் துப்பாக்கி. திருடச் சொன்னது அவர், கையோடு வாங்கி வந்தது நான். பத்தொன்பது வருடம் அவர் பட்டறை கவுண்டரில் உட்கார்ந்து உதிரிபாகம் எடுத்துக் கொடுத்தவள் சொல்கிறேன், அப்படி ஒரு பிடிவாதக்காரரை மொன்டானா முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

டிரெய்லர் பிரேக் என்றால் எங்கள் பக்கத்தில் ஓரின்தான். பிரேக் தளர்ந்தால் இங்கே எல்லோரும் செய்கிற கோணங்கித்தனம் ஒன்று உண்டு. காரணம் என்னவென்று பார்க்காமல், டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்ப வண்டிக்குள் இருக்கும் கண்ட்ரோலரைத் திருகித் திருகிக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதைக் கண்டாலே ஓரின் எரிந்து விழுவார்.

"காது கேக்கலன்னா ரேடியோவக் கூட்டுவீங்க. பிரேக்குக்கும் அதே வைத்தியமா?" என்பார். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, எர்த் ஒயரில் ஆரம்பித்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் மின்சாரம் போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்.

மார்லிஸின் கணவர் ஆர்விட், ஓரினோடு ஒன்றாகப் படித்தவர். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம் அவருடைய குதிரை டிரெய்லரில் எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தது. ஓரின் புதிது போட்டுக் கொடுத்தார். ஜூனில், நான்கு குதிரைகளோடு மலை இறக்கத்தில் வந்தபோது டிரெய்லர் நிற்காமல், அதை இழுத்துவந்த அவர் வண்டியையும் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. ஆர்விட் பிழைக்கவில்லை.

நொறுங்கியதை எங்கள் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். வண்டிக்குள் கண்ட்ரோலர் கடைசி எண் வரை திருகிக் கிடந்தது. பிரேக் தளர்வதை அந்த மனுஷன் உணர்ந்திருக்கிறார், பாவம்.

"நான் போட்ட ஒயர்தான் விட்டிருக்கும், நெட்டி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஓரின் மீட்டரை எடுத்தார். ஒயர் போட்டது போட்டபடி இருந்தது. நான்கு சக்கரத்திலும் பிரேக்கை இயக்கும் காந்தங்கள் மின்சாரத்தை ஒழுங்காக வாங்கின. அப்புறம் டிரம்மைக் கழற்றினார். பிரேக் கட்டைகள் கிரீஸில் ஊறிக் கிடந்தன. காந்தம் எவ்வளவு இழுத்து என்ன, கட்டை வழுக்கினால் சக்கரம் எப்படி நிற்கும்? நான்கிலும் அதே கதிதான்.

அந்த மாதிரிச் சக்கரத்தின் நடுவில் கிரீஸ் விட ஒரு துளை உண்டு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, சுற்றிக்கொண்டே, மெதுவாக விட வேண்டும். நிற்கிற சக்கரத்தில் பேட்டரி கன்னை வைத்து அமுக்கினால் கிரீஸைத் தடுத்து நிறுத்தும் பின்பக்கச் சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக்குக்குள் பாய்ந்துவிடும்.

மறுநாள் காலை மார்லிஸ் வந்தாள். அழுது வற்றிய முகம்.

"எது போச்சு, ஓரின்? எனக்குத் தெரிஞ்சாகணும். கிளம்புற அன்னிக்கு நான்தானே நாலு சக்கரத்துக்கும் கிரீஸ் அடிச்சேன். மலையில போறாரேன்னு புது கன்னால ரெண்டு மடங்கு அடிச்சேன். அப்படியும் எப்படி?"

ஓரின் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எர்த் ஒயர். நான் சரியா முடுக்கல" என்றார்.

"அவர் உன்னை நம்பினாரு." அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்கென்ன பைத்தியமா? இனி எவன் உங்ககிட்ட வண்டிய விடுவான்?"

"விட வேணாம். தன் கையாலதான் போனாருன்னு தெரிஞ்சா அவ அந்த வீட்ல எப்படி இருப்பா? நிக்கிற சக்கரத்துக்கு அடிக்காதன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், நெட்டி. சொல்லல." கழற்றிய டிரம்மை ஓரமாக உருட்டி வைத்துவிட்டு, "அவ இன்னொரு டிரெய்லர் வாங்குவா. அந்த கன் அவ கையில இருக்கக் கூடாது. எனக்கு இரவல் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வா" என்றார்.

போய்க் கேட்டேன். "புருஷனையும் எடுத்தான், இதையும் எடுத்துக்கட்டும்" என்று என் காலடியில் போட்டாள்.

எட்டு வருடம். ஓரின் செய்த தப்பு என்றே ஊர் பேசியது; வேலை குறைந்து பட்டறை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. சர்ச் விருந்துக்கு அவர் செய்து கொண்டுவரும் உருளைக்கிழங்கு, பாத்திரத்தில் ஒட்டிய அவர் பெயரைப் பார்த்ததுமே, யாரும் தொடாமல் திரும்பும். நான் மட்டும் இரண்டு தடவை போட்டுக்கொள்வேன். மே மாதந்தோறும் மார்லிஸின் புது டிரெய்லருக்கு நானே போய் சக்கரத்தைத் தூக்கி, கையால் கிரீஸ் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த மார்ச்சில் ஓரின் போய்ச் சேர்ந்தார். பட்டறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது மார்லிஸ் வந்தாள். ஆணியில் தொங்கிய கன்னைப் பார்த்தாள்.

"நான் ஒட்டின பேரு துளி கிரீஸ்கூடப் படாம அப்படியே இருக்கே. ஒரு தடவைகூட இதத் தொடல போலிருக்கு. அப்புறம் எதுக்கு நெட்டி வாங்கினான்?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஒரு வார்த்தையில் ஓரினுக்குப் பெயர் திரும்பிவிடும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடத்தில் இப்போதுதான் அது கொஞ்சம் தேறியிருந்தது.

"அந்த ஆள் அப்படித்தான், மார்லிஸ். எடுத்தா திருப்பிக் கொடுக்கிற பழக்கமே கிடையாது" என்றேன்.

"நெனச்சேன்" என்றாள். கன்னை வாங்கக் கையை நீட்டினாள்.

"இது செத்துப்போச்சு. மே மாசம் எப்பவும் போல நானே வந்து கிரீஸ் வைக்கிறேன்" என்றேன்.

அவள் வண்டி போன பிறகு, அவர் வழக்கமாக மல்லாந்து படுக்கும் இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஓரினைக் கெட்டவர் என்று சொன்னவர்களில் இப்போது நானும் ஒருத்தி.