ராகு காலத்தில் மறையும் பொத்தான்

போத்தனூரில் இருக்கும் எங்கள் பம்பு கம்பெனியின் சாஃப்ட்வேர் திரையை, கோட் எழுதாமல் எங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ள ஒரு டூல் தேவை. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் தலையில் என்பதால், நானே இரண்டு டூல்களைப் பார்த்துவைத்து, விற்பவர்களை இன்று வரச் சொல்லியிருந்தேன்.

முதலில் வந்தவர் கலர் கலராகப் படம் காட்டினார். முதலாளியம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, ராகு காலத்துல நாங்க புது ஆர்டர் எதுவும் போடறதில்லீங்க. அந்த நேரத்துக்கு மட்டும் 'புது ஆர்டர்' பொத்தான் தானா மறைஞ்சுக்குமாங்க?"

அவர் சிரித்துவிட்டார். அதோடு அவர் கதை முடிந்தது.

அடுத்து வந்தவர் ஒரு மேட்டுப்பாளையத்துப் பெண். அவர் சிரிக்கவில்லை.

"அதுக்கென்னங்கம்மா, தினம் ஒரு நேரம், அவ்வளவுதானுங்களே."

மவுஸைப் பிடித்தார். காலண்டரைப் பார்க்காமலே வாரம் முழுமைக்கும் நேரத்தைப் போட்டு, எங்கள் சாஃப்ட்வேரிலேயே ஓடவிட்டார்.

முதலாளியம்மாவுக்கு வாயெல்லாம் பல். என் பக்கம் திரும்பி, "கண்ணு, இதையே வாங்கிப்போடலாம். இப்பவே ஆர்டரப் போட்டுரு" என்றார்.

நானும் சந்தோஷமாக உட்கார்ந்தேன். பொத்தானைக் காணோம்.

இன்று புதன்கிழமை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

தன் டூல் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் என்று அந்தப் பெண்ணே எதிர்பார்க்கவில்லை. முதலாளியம்மா அவரைச் சாப்பிட உட்கார வைத்திருக்கிறார்.

ஒன்றரை வரைக்கும் எனக்கு வேலை இல்லை. பேச்சுத்துணைக்கு யாராவது வாங்க.