பெயரை மாற்றினால் பதினேழு குறையும்

எங்கள் பக்கம் டிராக்டர் வாங்கினால் முகப்பில் குலசாமி பெயரும் டிரெய்லரின் பின்பலகையில் பிள்ளைகள் பெயரும் எழுதியாக வேண்டும். திருச்சுழி ரோட்டில் பெரியப்பாவின் டிரெய்லர் போகும்போது என் அண்ணன்மார் இருவரின் பெயரும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். என் அப்பா வாங்கியது பழைய மொபட். அதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது, விற்றவருடைய மகன் பெயர். அழிக்கக் காசு செலவாகும் என்று அப்பா விட்டுவிட்டார். பள்ளிக்கூட வாசலில் அப்பா என்னை இறக்கிவிடும்போதெல்லாம் பையன்கள் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன்.

ஐந்தாம் வகுப்பு லீவுக்குப் பாளையம்பட்டியில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனபோது இந்த ஏக்கத்தையும் பையில் வைத்து எடுத்துப் போயிருக்கிறேன் போலிருக்கிறது.

சித்தப்பா அப்போதுதான் மில் வேலையை விட்டுவிட்டு வீட்டின் முன்னறையில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு விளையாட்டு சென்டர் திறந்திருந்தார். கூட்டம் இல்லை. நான்கு கம்ப்யூட்டரிலும் நானே மாறி மாறி உட்கார்ந்து கூட்டம் காட்டினேன். பாலிடெக்னிக் பையன்கள் லீவு முழுக்க ஒரு கார் பந்தயப் போட்டி நடத்தப் போவதாகவும், அதை எந்த சென்டரில் நடத்துவது என்று ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்யப் போவதாகவும் பேச்சு வந்தது. போட்டி இங்கே வந்தால் சென்டர் நிற்கும். இல்லையென்றால் சித்தப்பா மறுபடியும் மில் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

முடிவு செய்யும் முறை எளிது. அந்தக் கார் விளையாட்டில் ஒரு சோதனை ஓட்டம் உண்டு. கார் தானாகவே ஓடும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒரு நொடியில் எத்தனை படம் வரைகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் வரும். எண் கூடினால் கார் வழுக்கிக்கொண்டு போகும். குறைந்தால் விக்கி விக்கிப் போகும். எவர் கம்ப்யூட்டரில் எண் அதிகமோ அவரிடம் போட்டி.

சித்தப்பாவிடம் இருந்தது சுமாரான கார்டு. அதை வேலை வாங்கும் டிரைவர் என்ற மென்பொருளில் புதிதாக ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன் லைன் வழியாக மூன்று நாள் உட்கார்ந்து இறக்கினார். நடுவில் போன் வந்தால் அறுந்துவிடும் என்பதால், சித்தியின் பிறந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் கடிதம் போடச் சொல்லி உத்தரவு. டிரைவரை மாற்றியதும் எண் ஐம்பத்தெட்டைத் தொட்டது. சித்தப்பா மானிட்டருக்குத் திருநீறு பூசினார்.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா குளிக்கப் போன நேரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்தது. வண்டி இல்லாவிட்டால் என்ன, இதுவும் கார்தானே? விளையாட்டைத் திறக்கத் திரையில் தெரிந்த சின்னப் படத்துக்குப் பெயர் வைப்பது வாசலில் பலகை மாட்டுவது போலத்தான். எனக்கு வீட்டுக்கே பெயர் வைக்க வேண்டியிருந்தது. உள்ளே புகுந்து, விளையாட்டை ஓட்டும் மூலக் கோப்பைத் தேடிப் பிடித்து, அதன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன். இனிஷியலோடு.

ஞாயிற்றுக்கிழமை, எங்களோடு மோத இருந்த பஸ் ஸ்டாண்டு சென்டர்காரர் தம் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்ட கோபம் வேறு. அவருடைய எண் ஐம்பத்திரண்டு. அடுத்து எங்களுடையது. சித்தப்பா தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கார் விக்கியது. நாற்பத்தொன்று.

"என்னண்ணே, வண்டி மேட்டுல ஏறுதா?" என்றான் கண்ணாடி போட்ட பாலிடெக்னிக் அண்ணன்.

சித்தப்பா உட்கார்ந்து துழாவினார். கோப்பில் என் பெயரைப் பார்த்ததும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் பழைய பெயரை அடித்து மறுபடி ஓட்டினார். ஐம்பத்தெட்டு. பையன்கள் கைதட்டினார்கள்.

பிள்ளை நோண்டிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. திட்டு வாங்க நானும் தயாராகவே இருந்தேன். சித்தப்பாவோ, "ஏப்பா, கைதட்டாதீக. இதுல என்னமோ இருக்கு. பேர மாத்துனா பதினேழு கொறையுது" என்று தாமே போட்டு உடைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்காரர் குதித்தார். "அப்ப அந்த டிரைவரு பேரப் பாத்துட்டுல்ல ஓடுது! கேள்வித்தாள முன்னாடியே பாத்துட்டு வந்து எழுதுற மாதிரி. களவாணித்தனம்யா!" அவருடைய கம்ப்யூட்டரிலும் கோப்புக்கு என் பெயரை வைத்து ஓட்டினார்கள். அதே ஐம்பத்திரண்டு. ஒரே நாளில் என் பெயர் இரண்டு கம்ப்யூட்டரில் ஏறியது. அந்தப் பெருமையில் எனக்கு விவகாரமே மறந்துவிட்டது.

"இதுல என்னண்ணே களவாணித்தனம்?" என்றான் கண்ணாடி அண்ணன். "நாம இந்த வெளையாட்டத்தான வெளையாடப் போறோம்? கபடிக்குப் போறவன் கபடிதான பழகுவான்? இதுக்குன்னே பழகி வந்திருக்கு. அது கெட்டிக்காரத்தனம்."

சபை இரண்டுபட்டது. அப்போது எல்லாருக்கும் கடுங்காப்பி கொண்டுவந்த சித்தி திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். சித்திக்கு நெசவுச் சங்கத்தில் சேலைகளை விரித்துக் கோளாறு பார்க்கிற வேலை. ஒரு இழை விட்டிருந்தாலும் விரலை வைத்துவிடுவார்.

"ஏங்க, அந்தக் கடேசி மரத்துல நிப்பாட்டுங்க. இப்ப பிள்ள பேர்ல ஓட்டி அதே எடத்துல நிப்பாட்டுங்க." நிறுத்தினார்கள். "பிள்ள பேர்ல ஓடுறப்ப மரத்துல எலை இருக்கு. பழைய பேர்ல எலை இல்ல, பச்சைய அப்பி வச்சிருக்கு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். உண்மை. விளையாட்டின் பழைய பெயரைக் கண்டதும் டிரைவர் தூரத்து மரங்களுக்கு இலை வரையாமல் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஓடுற ஓட்டத்துல எலைய எவன்க்கா பாக்கப் போறான்?" என்றான் கண்ணாடி அண்ணன்.

"மடிச்சு வச்ச சேலையிலயும் ஓட்டை தெரியாதுதான் தம்பி" என்றார் சித்தி.

சித்தப்பா அந்தப் பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தார். "கெட்டிக்காரன்தான்ப்பா இத எழுதுனவன்" என்றார். அவர் குரலில் நிஜமான மரியாதை இருந்தது. "எங்கயோ உக்காந்துக்கிட்டு, இந்த ஒரு வெளையாட்டுக்காக, கண்ணுக்குத் தட்டாத எடமாப் பாத்துக் கொறச்சிருக்கான். பழகி வந்தது தப்பில்ல தம்பி. எலைய எடுத்துட்டு, இருக்க மாதிரி காட்டுனதுதான் தப்பு. நம்ம கணக்கு நாப்பத்தொண்ணு. அப்பிடியே எழுதிக்கங்க."

போட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. அவர் கம்ப்யூட்டரை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சென்டர் அந்த வருஷம் தாண்டவில்லை. அது ஜெராக்ஸ் கடையாகி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையாகி, பஸ் ஸ்டாண்டுக்காரரே தம் மிஷினை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வந்தது பிறகு நடந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்போம். இப்படி ஒரு மனுஷரா என்று சித்தப்பா மேல் ஆத்திரமாக வந்தது. காரியத்தைக் கெடுத்தவன் நான் என்பது ஏனோ என் கணக்கில் வரவே இல்லை.

எல்லாரும் போன பிறகு சித்தப்பா தனியாக உட்கார்ந்து அதே விளையாட்டை என் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, "பழைய பேரயே போட்டுருவமா சித்தப்பா?" என்றேன்.

"வேண்டாம்லே. கெடக்கட்டும்."

கார் விக்கி விக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாலைந்து வளைவு தாண்டியதும், ஜெயிக்கிற இடத்தில் இருந்தவர், நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த கார் விர்ரென்று தாண்டிப் போனது.

"ஏன் சித்தப்பா நிப்பாட்டிட்டீக? முந்திப் போறாங்க!"

"போகட்டும்லே" என்று சொல்லி, கன்னத்தில் கையை வைத்துத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. தோற்றவருக்கு என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்தேன். ரோடு, ஓரத்தில் இலை இலையாக மரங்கள், அவ்வளவுதான். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. முந்திப் போகிற கார்களை மட்டும் எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழாவது காரும் போய்விட்டது. சித்தப்பா கடைசி ஆகிவிட்டாரே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.